புள்ளி மட்டும் போதுமா?



வால்வு திறப்பதையும் மூடுவதையும் தேர்வுத்தாளில் வட்டப்படமாக வரைந்து மதிப்பெண் பெறுகிறோம். அந்தப் படம் ஏட்டை விட்டுப் பட்டறைக்குள் நுழைந்ததா? இல்லை என்பதே என் துணிபு.

2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேருக்கு அருகே உள்ளது எங்கள் கராச்சர்மா. சென்னைக்கும் எங்களுக்கும் இடையே ஏறத்தாழ 1,370 கிலோமீட்டர் கடல். உதிரிப் பாகம் கப்பலேறி வரவேண்டும். ஆகவே, பழைய எஞ்சினைப் பிரித்துப் புதுப்பித்து ஓட்டுவது எங்களுக்கு ஆடம்பரம் அன்று, பிழைப்பு.

அம்பாசடர் காரை எடுத்துக்கொள்வோம். 2014-இல் அதன் உற்பத்தி நின்றுவிட்டது. 1,489 சி.சி. பெட்ரோல் எஞ்சினில் கேம் ஷாப்ட் பிளாக்குக்குள்ளேயே இருக்கிறது. கிராங்க் இருமுறை சுற்றினால் அது ஒருமுறை சுற்றும். இரண்டையும் இணைப்பது டைமிங் செயின். பற்சக்கரங்களில் உள்ள புள்ளிகளை நேராக வைத்துப் பூட்டினால் வேலை முடிந்தது என்பது வழக்கம்.

புதிய செயினும் அசல் சக்கரங்களும் இருந்தால் அது சரியே. அந்த முறையில் நெடுங்காலம் தொழில் செய்த மேஸ்திரிகளை நான் குறை கூறவில்லை. ஆனால், மறுமுறை சாணைபிடித்த கேம், தேய்ந்து நீண்ட செயின், எங்கோ கிடைத்த சக்கரம் ஆகியவை ஒன்றுசேரும்போது புள்ளி உண்மை பேசுமா? செயின் நீண்டால் கேம் பின்தங்கும். உள்வால்வு தாமதித்து மூடும். மெதுவாக ஓடும்போது உள்ளே வந்த கலவையில் ஒரு பகுதி திரும்பி வெளியேறும். மேட்டில் வண்டி இழுக்காது. கார்புரேட்டர்மேல் பழி விழும்; பெட்ரோல் செலவோ ஓட்டுநர் தலைமேல் விழும்! கேம் சக்கரத்தில் 40 பற்கள் என்றால், ஒரு பல் தவறினாலே கிராங்க் கணக்கில் 18 பாகை பிழை.

இதற்கு மருந்து அளவை. கிராங்கில் பாகைத் தட்டைப் பொருத்துங்கள். பிஸ்டனை ஒரு தடையில் முட்டும்வரை இருபுறமும் சுற்றிக் குறித்தால், நடுப்புள்ளியே மேல் உச்சம். பிறகு டயல் கேஜ் வைத்து, உள்வால்வின் உச்சத்துக்கு முன்னும் பின்னும் ஒரே உயரம் வரும் இடங்களைக் குறித்து, அவற்றின் நடுவைக் காணுங்கள். கையேட்டின் கணக்கோடு ஒப்பிடுங்கள். வேறுபட்டால் புதிய செயின் மாட்டிப் பாருங்கள்; அப்போதும் பொருந்தாவிட்டால், படி வைத்து அறுத்த சாவிக்கட்டை சில பாகைகளைத் திருத்தும்.

பாகைத் தட்டைக் கெட்டி அட்டையிலும் வரையலாம். அதை வரையத் தெரிந்தவர்கள் நாம். எஞ்சினைப் பிரிக்கத் தெரிந்தவர்கள் பட்டறைத் தோழர்கள். இடையில் நிற்பது ஆங்கிலக் கையேடு! அதை ஒரு பக்கத் தமிழாக்கிப் பட்டறைச் சுவரில் மாட்டுவோம். விடுமுறையில் ஊர் செல்லும் ஒவ்வொருவரும் ஒரு தாள் கொண்டு செல்வோம். கற்ற கல்விக்கு அதைவிட நல்ல தேர்வு வேறு உண்டோ?