ஒரே மூச்சு



மண்ணில் பிறந்த குழந்தை முதன்முதலில் செய்வது மூச்சை உள்ளே இழுப்பது. மனிதன் இறுதியாகச் செய்வது மூச்சை வெளியே விடுவது. இடைப்பட்ட காலமெல்லாம் வாங்குவதும் விடுவதுமாகவே வாழ்வு நடக்கின்றது. வாங்கிய மூச்சை எனக்கே உரியது என்று அடக்கி வைத்துக்கொள்ள எவராலும் இயலாது. ஒரு கூரையின்கீழ் வாழ்வோர் அனைவரும் ஒரே காற்றைத்தான் பகிர்ந்து வாழ்கின்றனர். மாமியார் விட்ட மூச்சு மருமகளுக்கும், அண்ணன் விட்ட மூச்சு தம்பிக்கும் போய்ச் சேருகின்றது. பேச்சு வார்த்தை நின்றுபோன வீட்டிலும் இந்தப் பகிர்வு நிற்பதில்லை. கிறிஸ்தவர்களின் ஒன்றிப்பைப் பற்றிச் சிந்திக்க இதைவிட எளிய அடையாளம் வேறு வேண்டுமா?

மறைநூல் முழுவதிலும் இந்த மூச்சு வீசிக்கொண்டிருக்கின்றது. மண்ணால் உருவாக்கப்பட்ட மனிதனின் நாசியில் கடவுள் உயிர்மூச்சை ஊதினார் என்று தொடக்க நூல் சொல்கின்றது. உலர்ந்த எலும்புகள் நிறைந்த பள்ளத்தாக்கில் நான்கு திசைகளிலிருந்தும் வந்த மூச்சு மடிந்தோரை எழுந்து நிற்கச் செய்ததை எசேக்கியேல் காட்சியில் கண்டார். இறுதியாக, ஆண்டவர் உயிர்த்தெழுந்த அன்று மாலை, அச்சத்தால் கதவுகள் அடைக்கப்பட்டிருந்த வீட்டுக்குள் அவரே வந்து நின்றார். சீடர்கள்மேல் ஊதித் தூய ஆவியை அளித்தார். அங்கே இருந்தவர்கள் யார்? தலைவரைத் தெரியாது என்று மறுதலித்தவரும், துன்ப வேளையில் ஓடிப்போனவர்களுமே. அவர்களை ஆண்டவர் தரம் பிரிக்கவில்லை. தனித்தனியே நிறுத்தி ஊதவும் இல்லை. ஊதியவுடன் அவர் ஒப்படைத்த பணி பாவங்களை மன்னிப்பதே என்பதையும் நாம் மறக்கலாகாது. மன்னிப்பதற்கென்றே அளிக்கப்பட்ட மூச்சு அது.

இந்த உண்மையை உணர்த்த நம் தாய்மொழி பெருந்துணை செய்கின்றது. எபிரேய மொழியின் 'ரூவாக்', கிரேக்க மொழியின் 'நியூமா', இலத்தீன் மொழியின் 'ஸ்பிரித்துஸ்' ஆகிய சொற்கள் காற்று, மூச்சு, ஆவி என்னும் பொருள்களை ஒருங்கே தருபவை. தமிழில் 'ஆவி' என்னும் சொல்லும் அத்தகையதே. இட்லிப் பானையிலிருந்து எழுவதும் ஆவி. நம் உடலில் உறைவதும் ஆவி. மூவொரு கடவுளின் மூன்றாம் ஆளாக நாம் தொழுபவரும் ஆவியார். இன்னொரு சொல்லையும் பாருங்கள். ஆண்டவரின் உயிர்த்தெழுதலை 'உயிர்ப்பு' என்கிறோம். பழந்தமிழில் உயிர்ப்பு என்றால் மூச்சு என்றே பொருள். உயிர்ப்பு நாளன்று மாலையிலேயே உயிர்ப்பை ஊதினார் ஆண்டவர்! நம் பாட்டிமார் போர்த்துக்கீசியரிடமிருந்து வந்த 'இஸ்பிரீத்து சாந்து' என்னும் சொல்லால் செபித்து வந்தனர். பக்தியில் அவர்களுக்குக் குறைவில்லை. ஆனால் அச்சொல்லில் மூச்சின் ஓசை தமிழ்க் காதுக்கு எட்டவில்லை.

சொல்லில் மறைந்திருந்த மூச்சு சடங்கில் வெளிப்படையாகவே இருந்தது. 1969-இல் திருமுழுக்குச் சடங்கு திருத்தி அமைக்கப்படும் வரை, இலத்தீன் வழிபாட்டு முறையில் குரு குழந்தையின் முகத்தில் மும்முறை மெல்ல ஊதுவார். இன்று முதியோராக நம்மிடையே உள்ளவர்கள் அந்த மூச்சைப் பெற்றவர்கள். கீழைத் திருச்சபைகளான பைசாந்திய மரபினரிடையே இவ்வழக்கம் இன்றும் உண்டு. நம்மிடமும் அது முற்றிலும் மறைந்துவிடவில்லை. கோவை புனித மிக்கேல் பேராலயத்தில் ஆண்டுதோறும் எண்ணெய்கள் மந்திரிக்கப்படும் திருப்பலியில், கிறிஸ்மா எண்ணெய்க் கலத்தின்மேல் ஆயர் ஊதுகின்றார். அந்த எண்ணெய்தான் சிறு குப்பிகளில் கருமத்தம்பட்டிக்கும் திருப்பூருக்கும் வால்பாறைக்கும் வந்து நம் பிள்ளைகளின் நெற்றியில் பூசப்படுகின்றது. மாளிகை வீட்டுப் பிள்ளைக்கு ஒரு எண்ணெய், தறிக்கூடத் தொழிலாளியின் பிள்ளைக்கு வேறு எண்ணெய் என்பது இல்லை.

இத்தகைய மூச்சு தமிழ் மண்ணில் ஒரு பெரும் சோதனைக்கு உள்ளாயிற்று என்பதை நம்மில் பலர் அறிந்திருக்க மாட்டோம். பதினேழாம் நூற்றாண்டில் மதுரை மறைப்பணித் தளத்துக் குருக்கள் தமிழரின் பழக்கவழக்கங்களைப் பெரிதும் மதித்துப் பணியாற்றினர். பிறருடைய எச்சிலும் வாய்க்காற்றும் தம்மீது படுவதை இந்நாட்டவர் அருவருப்பாகக் கருதினர். ஆகவே திருமுழுக்கில் உமிழ்நீர் தொடுவதையும் முகத்தில் ஊதுவதையும் அவர்கள் விட்டுவிட்டனர். மக்கள் மனம் புண்படலாகாது என்பதே அவர்தம் நோக்கம். ஆனால் 1704-இல் புதுவைக்கு வந்திருந்த திருத்தந்தையின் தூதர் தூர்னோன், அச்சடங்குகளை விடக்கூடாது என்று ஆணையிட்டார். 'மலபார் வழக்கங்கள்' பற்றிய நெடிய சர்ச்சையில் இதுவும் ஒரு பகுதியாயிற்று. 1744-இல் திருத்தந்தை 14-ஆம் பெனடிக்ட் விரிவான ஆணை வெளியிடும்வரை அச்சர்ச்சை நீடித்தது.

ஒரு மெல்லிய ஊதலுக்காக இத்தனை வழக்கா என்று நமக்குத் தோன்றலாம். அதன் ஆழம் வேறு. நம் நாட்டில் மூச்சுக்கும் சாதி கற்பிக்கப்பட்டிருந்தது. தாழ்த்தப்பட்டோர் என ஒதுக்கப்பட்டவர், மேலோர் எனப்பட்டவர்முன் வாய்பொத்தி நின்றே பேச வேண்டியிருந்தது. தம் மூச்சு மற்றவர்மேல் பட்டால் தீட்டு என்று அவர்கள் நம்ப வைக்கப்பட்டனர். கடவுள் ஊதிக் கொடுத்த மூச்சையே கையால் மூடிக்கொள்ளும்படி மனிதன் மனிதனைப் பணித்தான். இதைவிடக் கொடிய இறைநிந்தனை உண்டா?

இந்தச் சர்ச்சையின் நிழல் நமது கருமத்தம்பட்டியிலும் விழுந்தது. 1846 அக்டோபர் 4-ஆம் நாள், செபமாலை அன்னையின் திருவிழாவன்று, மெல்கியோர் தெ மரியோன் பிரெசில்லாக் என்னும் பிரெஞ்சு நாட்டுக் குரு இவ்வூரிலேயே ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். 1850-இல் கோயம்புத்தூர் தனி ஆட்சிப்பகுதியானபோது அதன் முதல் தலைவரும் அவரே. இந்நாட்டு மைந்தர்களே இங்குக் குருக்களாக வேண்டும் என்று அவர் உறுதியாக நம்பினார். சாதிப் பழக்கங்களோடு பின்னிக் கிடந்த மலபார் வழக்கங்களை எந்த அளவுக்கு ஏற்கலாம் என்பதில் அவருடைய மனச்சான்று அமைதி காணவில்லை. தம்முடைய ஐயங்களுக்குத் தெளிவான விடை கிடைக்காத நிலையில் பதவி விலக முன்வந்தார். 1855-இல் அது ஏற்றுக்கொள்ளப்பட்டது. 1856-இல் பிரான்சிலுள்ள லியோன் நகரில் ஆப்பிரிக்க மறைப்பணிச் சபையை நிறுவினார். 1859-இல் சியேரா லியோன் நாட்டின் பிரீடவுனுக்குச் சென்று, சில வாரங்களிலேயே கொள்ளைநோய்க்குப் பலியாகி இறுதி மூச்சை அம்மண்ணில் விட்டார். 2020-இல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தது. நம் ஊர் அன்னையின் பீடத்தருகே ஆயரானவர், நம்மிடையே நிலவிய பிரிவினை குறித்த கலக்கத்தையும் சுமந்தவராய் நம்மைவிட்டுப் போனார் என்பது நாம் எண்ணிப் பார்க்க வேண்டியதொன்று.

அந்நிலை கடந்துபோயிற்றா? நெல்லைப் பகுதியிலுள்ள வடக்கன்குளம் ஆலயத்தில் சாதிகளைப் பிரித்து நின்ற சுவர் 1910-இல் இடிக்கப்பட்டது. கல்லாலான சுவரை ஒரு நாளில் இடிக்கலாம். நெஞ்சின் சுவர் அத்துணை எளிதில் விழுவதில்லை. 2003-இல் தம்மைச் சந்தித்த தமிழக ஆயர்களிடம், கிறிஸ்தவர்களிடையே சாதி உணர்வு காணப்படுவது உண்மையான மனித ஒருமைப்பாட்டுக்கு எதிரான அடையாளம் என்று திருத்தந்தை 2-ஆம் யோவான் பவுல் வருந்திக் கூறினார். ஒரே கிண்ணத்தின் ஆசிபெற்று வந்தபின், ஒருவர் வீட்டில் தண்ணீர் அருந்தத் தயங்குகிறோமா? பிள்ளைகளுக்கு வரன் பார்க்கையில் முதலில் எதைக் கேட்கிறோம்? அடக்கச் சடங்கின்போது எந்தத் தெருவுக்குப் போகிறோம், எந்தத் தெருவுக்குப் போகாமல் இருந்துவிடுகிறோம்? விடையை அவரவர் நெஞ்சமே சொல்லட்டும்.

சாதியால் வந்த பிளவோடு, சபைகளாகப் பிரிந்ததால் வந்த பிளவும் நம்மிடையே உண்டு. கோவைக்கு 1830-இல் இலண்டன் மறைப்பணிச் சங்கத்தார் வந்தனர். ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் முதலிய சபைகள் பல 1947-இல் ஒன்றிணைந்து தென்னிந்தியத் திருச்சபை ஆயின. இன்று கொங்கு நாட்டில் இருசபைக் குடும்பங்கள் அக்கம் பக்கமாக வாழ்கின்றன. பெண் கொடுத்துப் பெண் எடுக்கின்றன. சிக்கல் எழுவது பெரும்பாலும் அப்போதுதான். "அந்தக் கோயிலில் பெற்ற திருமுழுக்குச் செல்லாது, மருமகளுக்கு மீண்டும் கொடுங்கள்" என்று பங்குத்தந்தையை வற்புறுத்தும் பெரியவர்கள் இல்லாமலில்லை. அவர்கள் ஒன்றைத் தெளிவாக உணர வேண்டும். தண்ணீராலும், தந்தை மகன் தூய ஆவியின் பெயராலும், உரிய கருத்தோடு அளிக்கப்பட்ட திருமுழுக்கைத் திருச்சபை மீண்டும் அளிப்பதில்லை. தகுந்த ஐயத்துக்கு இடமிருந்தால் அன்றி, ஐயநிலைத் திருமுழுக்கையும் 1983-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு அனுமதிப்பதில்லை. இவ்வாறு திருமுழுக்குப் பெற்றோர், முழுமையாக இல்லாவிடினும் உண்மையாகவே நம்மோடு உறவில் இணைந்தவர்கள் என்று 1964-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கற்பித்தது. மருமகளின் திருமுழுக்கைப் பழிக்கும்போது, அவளை அல்ல, அவள்மேல் ஊதிய ஆவியாரையே நாம் பழிக்கிறோம்.

வேறுபாடுகள் இல்லை என்று நாம் சொல்லவில்லை. நற்கருணைப் பந்தியில் அனைவரும் ஒன்றாக அமரும் நாள் இன்னும் வரவில்லை. அந்த வேதனையை மழுப்புவது ஒன்றிப்பு ஆகாது. ஆனால் வேறுபாடு வேறு, விரோதம் வேறு. எழுத்துகள் பிறக்கும் முறையைத் தொல்காப்பியர் விளக்குகையில், உந்தியிலிருந்து எழும் காற்று ஒன்றே நெஞ்சிலும் மிடற்றிலும் தலையிலும் நின்று, நாவும் இதழும் பல்லும் மூக்கும் அண்ணமும் பட வேறுவேறு ஒலிகளாகின்றது என்கின்றார். 'க' வேறு, 'ம' வேறு. இரண்டிற்கும் மூச்சு ஒன்றே. எல்லா எழுத்தும் ஒரே எழுத்தாகிவிட்டால் மொழி இராது. மூச்சு நின்றுவிட்டாலோ எந்த எழுத்தும் இராது. உயிர் சேராத மெய் தானே ஒலிக்காது என்று பள்ளியில் படித்தோம் அல்லவா? ஆவியார் சேராத சபையும் அவ்வாறே. அதன் பெயர்ப்பலகை எதுவாயினும் சரி.

ஒரே மூச்சின் பயனை நாம் ஓரளவு சுவைத்தும் இருக்கின்றோம். மேலைத் திருச்சபையும் கீழைத் திருச்சபையும் இரு நுரையீரல்கள். அவ்விரண்டாலும் திருச்சபை சுவாசிக்க வேண்டும் என்று 2-ஆம் யோவான் பவுல் பலமுறை வலியுறுத்தினார். ஒன்றிப்பைக் குறித்து 1995-இல் அவர் விடுத்த சுற்றுமடலிலும் இக்கருத்தைக் காண்கிறோம். அதே 1995-இல்தான் தமிழ்நாட்டில் கத்தோலிக்கரும் பிற சபையாரும் கூடி உழைத்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு வெளிவந்தது. அதுவரை நாம் அருளப்பர், சின்னப்பர், இராயப்பர் என்றோம். அவர்கள் யோவான், பவுல், பேதுரு என்றனர். ஒரே திருத்தூதர் இரு வீடுகளில் இரு பெயருடன் வாழ்ந்தார்! இன்று ஒரே பெயரால் அழைக்கின்றோம். அமைதியாக, பல ஆண்டுகள், ஒரே மேசையில் அமர்ந்து செய்யப்பட்ட வேலையின் பலன் அது.

அந்த மேசை நம் வீட்டிலும் இருக்கலாம். கலப்புத் திருமணம் நிகழ்ந்த குடும்பத்தில் இரவுச் செபத்தின்போது ஒரு விவிலியப் பகுதியை இரு சபையினரும் சேர்ந்து வாசிக்கட்டும். சனவரி 18 முதல் 25 வரை நிகழும் ஒன்றிப்புச் செபவாரத்தில் ஒரு நாளாவது அடுத்த சபைக் குடும்பத்தை அழைத்துச் செபிப்போம். அவர்கள் வீட்டில் துக்கம் நேர்ந்தால், வாசலோடு நின்று திரும்பாமல் உள்ளே சென்று அமர்வோம். நாம் போகாதிருந்த தெருவில் அடுத்த இறப்பு நிகழும்போது, முதல் ஆளாக அங்கே போய் நிற்போம். வாய்பொத்தி நிற்க எவரும் இனித் தேவையில்லை என்பதை நம் பிள்ளைகள் நம் நடத்தையிலிருந்தே கற்றுக்கொள்ளட்டும்.

பூட்டிய கதவுகளின் நடுவே வந்து நின்ற ஆண்டவர் இன்றும் அவ்வாறே வருகின்றார். நம்மேல் ஊதிய மூச்சை அடக்கி வைக்காமல் அடுத்தவருக்கு வழங்கும் மனத்தை, செபமாலை அன்னையின் பரிந்துரையால் அவர் நமக்கு அருள்வாராக.