பதினான்கோடு முடிவதா கல்வி உரிமை?

பதினான்கு வயது நிறைவடையும் நாளில் இந்தியச் சிறுவனின் வாழ்வில் இரண்டு மாற்றங்கள் ஒரே நேரத்தில் நிகழ்கின்றன. இலவசக் கட்டாயக் கல்வி பெறும் அடிப்படை உரிமை அன்றோடு முடிவுக்கு வருகிறது. அபாயகரமானவை என்று பட்டியலிடப்படாத தொழில்களில் வேலைக்குச் சேர்வதற்கு இருந்த சட்டத் தடையும் அன்றோடு விலகுகிறது. பள்ளியின் கதவு சாத்தப்படும் அதே நாளில் பட்டறையின் கதவு திறக்கிறது. இரண்டு கதவுகளின் சாவியும் நாடாளுமன்றத்தின் கையில்தான் இருக்கிறது.

2002-ஆம் ஆண்டின் 86-வது அரசியல் சட்டத் திருத்தம் 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளுக்குக் கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. அதற்கான சட்டம் 2009-ல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. தாமதமாகப் பள்ளியில் சேர்க்கப்பட்ட குழந்தை 14 வயதைக் கடந்த பிறகும் எட்டாம் வகுப்பை முடிக்கலாம் என்ற சலுகை மட்டும் அதில் உண்டு. 2016-ல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டமோ 14 முதல் 18 வயது வரையிலானவர்களை 'வளரிளம் பருவத்தினர்' என்று தனியே பிரித்து, அபாயகரமான தொழில்களில் மட்டும் அவர்களை ஈடுபடுத்தக் கூடாது என்கிறது.

இந்தப் பதினான்கு என்ற எண் எங்கிருந்து வந்தது? அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்த 1950-ல், பத்து ஆண்டுகளுக்குள் 14 வயது வரையிலான அனைவருக்கும் இலவசக் கல்வி அளிக்க அரசு முயல வேண்டும் என்று 45-வது பிரிவு வழிகாட்டியது. எட்டாம் வகுப்பு தேறியவர் அரசு அலுவலகத்தில் வேலை பெறக்கூடிய காலம் அது. பத்து ஆண்டுகளில் முடிந்திருக்க வேண்டிய கடமை, உரிமையாக உருப்பெறுவதற்கு அறுபது ஆண்டுகள் ஆயின. அதற்குள் உலகம் மாறிவிட்டது. எண் மட்டும் மாறவில்லை.

இதன் விளைவை மத்திய அரசே ஒப்புக்கொண்டிருக்கிறது. 2017-18-ஆம் ஆண்டு தேசிய மாதிரி ஆய்வின்படி 6 முதல் 17 வயது வரையிலானவர்களில் 3.22 கோடி பேர் பள்ளிக்கு வெளியே இருப்பதாக 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை குறிப்பிடுகிறது. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 90.9 சதவீதமாக இருந்த மொத்தச் சேர்க்கை விகிதம், ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் 79.3 சதவீதமாகவும், பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளில் 56.5 சதவீதமாகவும் சரிந்ததாகவும் அதே ஆவணம் கூறுகிறது. உரிமை முடியும் இடத்தில்தான் சரிவு தொடங்குகிறது என்பதை விளக்க வேறு சான்று தேவையில்லை.

பள்ளியை விட்ட சிறுவனுக்கோ சிறுமிக்கோ அந்த இழப்பின் அளவு உடனே தெரிவதில்லை. கையில் நாலு காசு வருகிறது. குடும்பம் மூச்சு விடுகிறது. ஐந்தாறு ஆண்டுகள் கழித்து, இருபது வயதில்தான் உண்மை முகத்தில் அறைகிறது. ராணுவத்தின் பொதுப்பணிப் பிரிவில் சேர்வதற்குப் பத்தாம் வகுப்பு வேண்டும். தொழிற்பயிற்சி நிலையங்களின் பெரும்பாலான பிரிவுகளுக்கும் அதுவே வாசல். வளைகுடா நாடுகளுக்கு வேலை தேடிச் செல்பவர் பத்தாம் வகுப்பு தேறியிருந்தால் குடியேற்றச் சோதனைக்கு உட்பட வேண்டியதில்லை. தேறாதவரோ அந்தச் சோதனையைக் கடந்தாக வேண்டும். ஒரு காகிதம் ஒரு வாழ்க்கையின் திசையையே தீர்மானிக்கிறது.

இருபது வயது இளைஞர் மீண்டும் ஒன்பதாம் வகுப்பு பெஞ்சில் போய் உட்கார முடியாது. உட்காரத் தயாராக இருந்தாலும் பள்ளி சேர்த்துக் கொள்ளாது. பகலில் வேலை, இரவில் வீட்டில் படிப்பு என்பதே அவருக்கு எஞ்சியிருக்கும் ஒரே வழி. திருமணமாகிக் கைக்குழந்தையோடு இருக்கும் இளம்பெண்ணுக்கும் அப்படியே.

அந்த வழியை அமைத்துத் தரும் நிறுவனம் நாட்டில் இல்லாமல் இல்லை. 1979-ல் மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் சோதனைத் திட்டமாகத் தொடங்கப்பட்ட திறந்தநிலைப் பள்ளி, 1986-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை அடியொற்றி 1989-ல் தன்னாட்சி அமைப்பானது. 1990-ல் தேர்வு நடத்திச் சான்றிதழ் வழங்கும் அதிகாரம் பெற்றது. 2002 முதல் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் என்ற பெயரில் இயங்கி வரும் அதன் தலைமையகம் தில்லியை அடுத்த நொய்டாவில் இருக்கிறது.

அதன் விதிமுறைகள் பாராட்டத்தக்கவை. பதினான்கு வயதான எவரும் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்யலாம். மேல் வயது வரம்பு கிடையாது. குறைந்தது ஒரு மொழியுடன் ஐந்து பாடங்களைத் தேர்ந்தெடுக்கலாம். கணக்கைக் கண்டு அஞ்சுபவர் அதை விட்டுவிட்டு மனையியலையோ ஓவியத்தையோ எடுத்துக்கொள்ளலாம். ஒருமுறை பதிவு செய்தால் ஐந்து ஆண்டுகளில் ஒன்பது முறை தேர்வு எழுத வாய்ப்பு உண்டு. இம்முறை இரண்டு பாடம், அடுத்த முறை ஒரு பாடம் என்று தன் வசதிக்கேற்பத் தேறலாம். தேறிய பாடம் கணக்கில் நிற்கும். பள்ளிப் பக்கமே போகாத 14 வயதைக் கடந்தவர்களுக்காக மூன்று, ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்கு இணையான அடிப்படைக் கல்வியும் உண்டு.

இவ்வளவும் இருந்தும், பள்ளிக்கு வெளியே இருப்பவர்கள் கோடிக்கணக்கில். இங்கு பதிவு செய்பவர்கள் ஆண்டுக்குச் சில லட்சம் பேர். இந்த இடைவெளிக்கு யார் பொறுப்பு?

திறந்தநிலைக் கல்வி என்பது புத்தகக் கட்டு ஒன்றை வீட்டுக்கு அனுப்பி வைப்பதோடு முடிந்துவிடுவதில்லை. ஐந்து ஆண்டுகளாகப் பேனா பிடிக்காத கைக்கு, முதல் பாடத்தின் முதல் பக்கமே மலையாகத் தெரியும். சந்தேகம் கேட்க ஓர் ஆசிரியர் வேண்டும். அமர்ந்து படிக்க ஓர் இடம் வேண்டும். ஓர் அறையில் ஐந்து பேர் வசிக்கும் வீட்டில் 'வீட்டிலிருந்தே படிக்கலாம்' என்று சொல்வது எளிது, படிப்பது எளிதல்ல. இதற்காகவே அங்கீகரிக்கப்பட்ட கல்வி மையங்களில் தொடர்பு வகுப்புகள் நடத்தப்படுகின்றன. ஆனால் அவை வார விடுமுறையில் கிடைக்கும் சில மணி நேரங்களே. கூலி வேலைக்குச் செல்பவருக்கு விடுமுறை நாளும் வேலை நாள்தான். செயற்கைக்கோள் தொலைக்காட்சியிலும் இணையத்திலும் பாடங்கள் கிடைக்கின்றன என்பது உண்மையே. ஆயினும் எதைப் பார்ப்பது, எங்கிருந்து தொடங்குவது என்று கைபிடித்துக் காட்டும் ஆளுக்கு அவை மாற்றாக முடியாது.

தலைநகரின் அனுபவம் இதில் ஒரு பாடம். தில்லி அரசு 1968-லேயே 'பத்ராச்சார் வித்யாலயா' என்ற அஞ்சல் வழிப் பள்ளியைத் தொடங்கியது. வேலை பார்த்துக்கொண்டே படிக்க விரும்பியவர்களுக்கு அது ஒரு வரப்பிரசாதம். ஆனால் 2016-ல் தில்லி அரசு அறிமுகப்படுத்திய சீர்திருத்தத் திட்டத்தின்கீழ், ஒன்பதாம் வகுப்பில் திரும்பத் திரும்பத் தோல்வியுற்ற அரசுப் பள்ளி மாணவர்கள் அந்தப் பள்ளியின் வழியாகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதத் திருப்பி விடப்பட்டனர். அவர்களில் தேர்ச்சி பெற்றவர்கள் மிகச் சிலரே. நாள்தோறும் ஆசிரியர் முன்னால் அமர்ந்தும் தேற முடியாத மாணவன், ஆசிரியர் துணை குறைந்த அஞ்சல் வழியில் தேறிவிடுவான் என்று எதிர்பார்த்ததே விந்தை. விருப்பத்தோடு வருபவர்களுக்குப் பாலமாக அமைய வேண்டிய திறந்தநிலைக் கல்வி, பள்ளிகள் தங்கள் தேர்ச்சி விகிதத்தைக் காப்பாற்றிக்கொள்ளப் பலவீனமான மாணவர்களைத் தள்ளிவிடும் பள்ளமாக மாறிவிடக் கூடாது.

படித்துத் தேறியவர்களுக்காவது உரிய மதிப்பு கிடைக்கிறதா? மருத்துவக் கல்வி விதிகளில் திறந்தநிலைப் பள்ளி மாணவர்களைத் தகுதியற்றவர்களாக்கும் பிரிவு ஒன்று இடம்பெற்றிருந்தது. மத்திய அரசின் ஒரு நிறுவனம் வழங்கும் சான்றிதழை மத்திய அரசின் மற்றொரு அமைப்பே ஏற்க மறுத்த வேடிக்கை அது. அந்தப் பிரிவு செல்லாது என்று தில்லி உயர் நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டு வழக்கு உச்ச நீதிமன்றத்தில் முடிவுக்கு வந்து, அங்கீகாரம் பெற்ற திறந்தநிலைப் பள்ளி மாணவர்களும் நீட் தேர்வு எழுதலாம் என்பது உறுதியாவதற்கு 2024 ஆகிவிட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் நிச்சயமின்மையோடு காத்திருந்தவர்களுக்கு யார் ஈடு செய்வது?

குறுக்கு வழிகளும் பலன் தரவில்லை என்பதைத் தமிழக இளைஞர்கள் நன்கு அறிவார்கள். இளநிலைப் பட்டம் இல்லாமல் திறந்தநிலை முறையில் பெற்ற முதுநிலைப் பட்டம் செல்லாது என்று 2009-ல் உச்ச நீதிமன்றம் கூறியது. பத்தாம் வகுப்பு, பிளஸ் 2, பட்டம் என்ற வரிசையில் படித்தவர்களையே அரசுப் பணிக்கு ஏற்பது என்று தமிழக அரசு அதே ஆண்டில் ஆணையிட்டது. தரத்தைக் காப்பதற்கான முடிவு என்ற வகையில் அதில் நியாயம் உண்டு. ஆனால் மேல் மாடிக்கு நேரடியாக ஏறக் கூடாது என்று சொல்லும் அரசுக்கு, கீழ்ப்படிகளைச் சரியாகக் கட்டித்தரும் கடமையும் உண்டல்லவா?

கல்வியைத் தவறவிட்டவர்கள் இழப்பது வேலையை மட்டுமல்ல. 2015-ல் ஹரியாணா அரசு ஊராட்சித் தேர்தலில் போட்டியிடக் கல்வித் தகுதியை நிர்ணயித்தது. பொதுப் பிரிவு ஆண்கள் பத்தாம் வகுப்பும், பெண்களும் தாழ்த்தப்பட்ட வகுப்பினரும் எட்டாம் வகுப்பும் தேறியிருக்க வேண்டும். வார்டு உறுப்பினர் பதவிக்குப் போட்டியிடும் தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண்களுக்கு மட்டும் ஐந்தாம் வகுப்பு போதும் என்றது அச்சட்டம். உச்ச நீதிமன்றமும் அதே ஆண்டு டிசம்பரில் அதை ஏற்றுக்கொண்டது. ராஜஸ்தானில் கொண்டுவரப்பட்ட இதே போன்ற நிபந்தனை 2019-ல் கைவிடப்பட்டது. பள்ளிக்கூடம் தராத அரசே, பள்ளிக்குச் செல்லவில்லை என்பதற்காக ஒருவரின் போட்டியிடும் உரிமையைப் பறிப்பது எந்த வகை நீதி? நாடாளுமன்றத்துக்குப் போட்டியிடப் பள்ளிச் சான்றிதழ் எதுவும் தேவையில்லை. ஊராட்சி வார்டுக்குத் தேவை!

மத்திய அரசு முற்றிலும் கைகட்டி நின்றது என்று கூறிவிட முடியாது. 2021-ல் நீட்டிக்கப்பட்ட 'சமக்ர சிக்ஷா' திட்டத்தில், பள்ளிக்கு வெளியே இருக்கும் 16 முதல் 19 வயது வரையிலான நலிந்த பிரிவினர் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் படிப்பை முடிக்க, வகுப்பு ஒன்றுக்கு ரூ.2,000 வரை உதவி அளிக்க வழி செய்யப்பட்டது. 15 வயதைக் கடந்த எழுத்தறிவற்றவர்களுக்காக 2022-ல் தொடங்கப்பட்ட ஐந்தாண்டுத் திட்டத்துக்கு ரூ.1,037.90 கோடி ஒதுக்கப்பட்டது. ஐந்து கோடிப் பேருக்கு எழுத்தறிவு என்பது அதன் இலக்கு. அந்தத் தொகையை அந்த எண்ணிக்கையால் வகுத்தால் ஆளுக்குச் சுமார் 200 ரூபாய் வருகிறது. இதை வைத்துக்கொண்டு எத்தனை நாள் பாடம் நடத்துவது?

2019-ல் வெளியான கல்விக் கொள்கை வரைவு, கல்வி உரிமைச் சட்டத்தை 3 முதல் 18 வயது வரை விரிவுபடுத்தப் பரிந்துரைத்தது. ஓராண்டு கழித்து அமைச்சரவை ஒப்புதல் பெற்ற கொள்கையில் அந்தத் திட்டவட்டமான வாக்குறுதி காணாமல் போனது. 2030-க்குள் பள்ளிக் கல்வியில் நூறு சதவீதச் சேர்க்கை என்ற இலக்கு மட்டும் நின்றது. உரிமை என்றால் குடிமகன் நீதிமன்றத்தின் கதவைத் தட்டலாம். இலக்கு தவறினால் அடுத்த இலக்கு வரும், அவ்வளவுதான்.

'பதினான்கு வயது வரையிலான கல்வியையே முழுமையாகத் தர முடியாத நிலையில் இன்னும் நீட்டிப்பதா? நிதிக்கு எங்கே போவது?' என்ற கேள்வி எழும். நியாயமான கேள்விதான். ஆனால் புதிய கட்டடங்கள் தேவையில்லை. மாலை நான்கரை மணிக்குப் பூட்டப்படும் அரசுப் பள்ளிகள் நாடெங்கும் இருக்கின்றன. ஒன்றியத்துக்கு ஒரு மேல்நிலைப் பள்ளியையாவது மாலை நேர மையமாக்கி, உரிய மதிப்பூதியத்துடன் ஆசிரியர்களை அமர்த்தினால் போதும். 21 வயது வரை பதிவுக் கட்டணத்தையும் தேர்வுக் கட்டணத்தையும் முற்றிலும் நீக்கலாம். எட்டாம் வகுப்போடு நின்றவர்களின் பட்டியல் பள்ளிப் பதிவேடுகளிலேயே இருக்கிறது. அவர்களின் வீட்டுக் கதவைத் தட்டுவது, வாக்காளர் பட்டியலுக்காக வீடு வீடாகச் செல்லும் அரசுக்கு இயலாத காரியமல்ல. பள்ளியிலிருந்து திறந்தநிலைக் கல்விக்கு ஒரு மாணவரை மாற்றுவதானால், அவரது எழுத்துப்பூர்வமான விருப்பமும் பெற்றோரின் ஒப்புதலும் கட்டாயமாக்கப்பட வேண்டும்.

இவை நிர்வாகம் செய்ய வேண்டியவை. நாடாளுமன்றம் செய்ய வேண்டியது ஒன்றுதான். 18 வயதுக்கு உட்பட்டவரைக் குழந்தை என்று வரையறுக்கும் ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 1992-ல் ஏற்றது. இளஞ்சிறார் நீதிச் சட்டமும் அப்படியே வரையறுக்கிறது. வாக்குரிமைக்கும் 18 வயது. கல்விக்கு மட்டும் 14 என்பது முரண். உரிமையைப் 18 வயது வரை நீட்டிப்பதோடு, அந்த வயதுக்குள் பள்ளியை இழந்தவர் அதன் பிறகும் கட்டணமின்றிப் படித்து முடிக்கும் உரிமையையும் சட்டத்தில் சேர்ப்பதே முறையான தீர்வு.

பகல் முழுதும் உழைத்துவிட்டு, களைப்பைப் பொருட்படுத்தாமல் இரவில் புத்தகத்தைப் பிரிக்கும் இளைஞர் அரசிடம் சலுகை கேட்கவில்லை. தனக்குக் கிடைத்திருக்க வேண்டிய, கிடைக்காமல் போன ஒன்றைத் தாமே மீட்டெடுக்க முயல்கிறார். அவருக்குத் துணை நிற்பது கருணையல்ல; நிலுவையில் உள்ள கடனைத் தீர்ப்பது. கடன் பட்டவர் இளைஞர் அல்ல, அரசு!