கொடையோ? கூலியோ?

கொல்லிமலை என்றவுடன் தமிழ் பயில்வோர் நெஞ்சில் முதற்கண் தோன்றுபவன் வல்வில் ஓரி. அவனைப் பாடிய புலவருள் வன்பரணர் ஒருவர். கழைதின் யானையார் மற்றொருவர். பின்னவர் பாடிய புறநானூற்று 204-ஆம் பாட்டு, இரத்தலின் இழிவையும் ஈயாமையின் இழிவையும் ஒருங்குவைத்து எண்ணுவது. அக்காலத்தில் கல்வியைப் புரந்தது வள்ளலின் கை; இக்காலத்தில் அவ்விடத்தில் நிற்பது பல்கலைக்கழகம். ஆயினும் வேறுபாடு ஒன்றுண்டு. ஓரிக்குப் புலவர் வேலை செய்தாரல்லர். நம் ஆராய்ச்சி மாணவரோ பல்கலைக்கழகத்திற்கு வேலை செய்கின்றனர். ஆதலின் அவர்க்குக் கட்டணம் நீக்குதலும் மருத்துவக் காப்பு அளித்தலும் கொடையன்று, கூலியின் பகுதியே என்பது என் துணிபு.

அவர் செய்யும் வேலை யாது? செய்முறைக் கூடத்தில் இளைய மாணவர்க்கு வழிகாட்டுவோர் அவர். விடைத்தாள் திருத்துவோர் அவர். ஆசிரியர் வாராத நாளில் வகுப்பில் நின்று பாடஞ் சொல்வோரும் அவரே. 2022-இல் வெளிவந்த பல்கலைக்கழக மானியக் குழுவின் முனைவர் பட்ட விதிகள், வாரத்திற்கு 4 முதல் 6 மணி நேரம் இத்தகைய துணைப்பணியை ஆராய்ச்சி மாணவரிடம் ஒப்படைக்கலாம் என்று வெளிப்படையாகவே கூறுகின்றன. நேரத்தை அளந்த விதி கூலியை அளந்திலது. லாபானிடம் ஆடு மேய்த்த யாக்கோபின் வரலாற்றை நாம் அறிவோம். கூலி நிலைபெறாத இடத்தில் உழைப்பவன் தலைவன் முகத்தையே நோக்கி நிற்க வேண்டியவனாகிறான்.

அவர்க்குத் தரப்படுவது யாது? தேசியத் தகுதித் தேர்வின் வழி உதவிநிதி பெறுவோர்க்கு, 2023 சனவரி முதல் திங்கள்தோறும் முதலில் ரூ. 37,000, பின்னர் ரூ. 42,000 என வரையறுக்கப்பட்டது. இது குறைவன்று, ஆனால் பெறுவோர் சிலர், பெறாதார் பலர். மத்திய பல்கலைக்கழகங்களில் அத்தேர்வின் வழி வாராதவர்க்குத் திங்களுக்கு ரூ. 8,000 அளிக்கப்பட்டு வந்தது. 2015 அக்டோபரில் அதனையும் நிறுத்த மானியக் குழு முற்பட்டபோது, டில்லியில் அதன் அலுவலகத்தின் முன் மாணவர் இரவும் பகலும் அமர்ந்து எதிர்த்தனர். உதவி தொடரும் என்று அரசினர் பின்னர் அறிவித்தனர். நம் மாநிலப் பல்கலைக்கழகங்களிற் பயில்வோர்க்கோ அத்திட்டத்தில் இடமே இல்லை. உதவி பெறாதவர் தம் கைப்பொருளைக் கொண்டே ஆண்டுக் கட்டணம் செலுத்தி, ஆய்வேடு அளிக்கும் நாளில் அதற்கெனத் தனிக்கட்டணமும் செலுத்துகின்றனர். உழவனுக்குக் கூலி கொடாமல், அவன் உழுத நிலத்திற்கு அவனிடமே வரி வாங்குவது போன்றதன்றோ இது?

மருத்துவத்தின் நிலை இதனினும் கவலைக்குரியது. மானியக் குழுவின் உதவிநிதி விதிகள், மருத்துவத்திற்கெனத் தனித்தொகை இல்லை, நிறுவனத்தில் உள்ள வசதியைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்ற அளவில் அமைகின்றன. வளாகத்துச் சிறு மருந்தகம் தலைவலிக்கு உதவும். அறுவைச் சிகிச்சைக்கு உதவுமா? முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டு வருமானம் ரூ. 1,20,000-க்கு மேற்படாத குடும்பங்கட்கு உரியது, திங்களுக்கு ரூ. 37,000 பெறுவோர் அவ்வரம்பைக் கடந்து நிற்கின்றனர். ஊழியர் அல்லர் என்பதால் ஊழியர்க்குரிய காப்பு இல்லை. வறியர் அல்லர் என்பதால் வறியவர்க்குரிய காப்பும் இல்லை.

ஆராய்ச்சியோ வளாகத்துள் அடங்குவதன்று. மூலிகை தேடியும், சாமை தினை வகைகளை ஆராயவும், மலையாளிப் பழங்குடியினரின் வழக்காறுகளைத் தொகுக்கவும் மாணவர் கொல்லிமலைக்குச் செல்கின்றனர். 70 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து ஏறி, ஊர் ஊராக நடப்பவர்க்குக் காய்ச்சல் வரலாம், கால் முறியலாம், பாம்பு தீண்டலாம். அம்மலையில் ஊழியம் செய்த ஜெசி பிராண்ட் ஐயர் 1929-இல் கருநீர்க் காய்ச்சலால் அங்கேயே உயிர் நீத்தார். 1914-இல் பிறந்த அவர் மைந்தர் பால் பிராண்ட், வேலூரில் தொழுநோயாளரின் கைகளைச் சீர்ப்படுத்திய அறுவை மருத்துவராய்ப் புகழ்பெற்றார். ஒருவனை வேலைக்கு அனுப்புகிறவர் அவன் உடலுக்கும் பொறுப்பாளி என்ற உண்மையை அத்தந்தையின் மரணமும் மைந்தரின் பணியும் நமக்குப் போதிக்கவில்லையா?

ஐக்கிய அமெரிக்காவில், கற்பிக்கும் மேற்பட்ட மாணவர்க்குக் கட்டணம் நீக்குவதும் காப்பீட்டுக்கு உதவுவதும் பல பல்கலைக்கழகங்களில் வழக்கம். ஆயினும் உரிமையாக எழுதப்படாத வழக்கம் எளிதில் முறியும். 2015 ஆகஸ்டில் மிசௌரிப் பல்கலைக்கழகம், புதிய சட்டமொன்றின் பொருளைக் காரணங்காட்டிக் காப்பீட்டு உதவியை நிறுத்துவதாக அறிவித்தது. அறிவிப்புக்கும் காப்பு முடிதற்கும் இடையே ஒரு முழுநாள்கூட இல்லை. மாணவர் திரண்டெழவே சில நாட்களில் அம்முடிவை ஒத்திவைத்தது.

"இவர் மாணவரே, கற்பதற்குக் கூலி எதற்கு?" என்பார் உளர். கற்பதற்கு யாரும் கூலி கேட்கவில்லை, கற்பிப்பதற்கே கேட்கின்றனர். "பல்கலைக்கழகத்தில் பொருளில்லை" என்பார் பிறர். பொருட்குறையின் சுமையை நிறுவனம் முழுவதும் பகிர்ந்து தாங்குக. அதன் கடையூழியன் ஒருவனே தாங்குவது நீதியாகாது. அன்றியும், செல்வர் வீட்டுப் பிள்ளை கட்டணம் செலுத்தியும் ஆராய்ச்சியைத் தொடர்வான். பாதியிற் கைவிட்டு இறங்குபவன், கொல்லிமலைச் சிற்றூரில் முதன்முதற் பட்டம் பெற்ற இளைஞனே. பழங்குடி மாணவர்க்கான தேசிய உதவிநிதி ஆண்டுக்கு 750 பேர்க்கு உண்டெனினும், அது பாரதம் முழுமைக்கும் உரிய எண்ணிக்கை.

வேண்டுவன மூன்றே. பணிசெய்யும் ஆராய்ச்சி மாணவர் எவர்க்கும் கட்டணம் நீக்கப்படுக. சேர்ந்த நாள்தொட்டு, வெளியூர்க் கள ஆய்வுக்கும் பொருந்துமாறு, மருத்துவக் காப்பு அளிக்கப்படுக. இவ்விரண்டும் எழுத்தில் உறுதி செய்யப்படுக. பல்கலைக்கழக அவைகளில் இடம்பெறும் நம் ஆசிரியரும் பழைய மாணவரும் இவற்றிற்காகப் பேசுதல் வேண்டும். ஓரியின் வாயிலில் நின்ற புலவர் பரிசிலுக்குக் காத்திருந்தார். தம் உழைப்பை முன்னரே கொடுத்துவிட்டவர் அவ்வாறு காத்திருத்தல் தகாது.