கேக் வேண்டாம், ரூம் வாடகை கொடுங்க

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை. காலைல காபி கூட குடிக்கலை, பழைய ஆபீஸ் நண்பர்கிட்டேர்ந்து போன்.

"மச்சி, அடுத்த வாரம் என் பொண்ணுக்கு அஞ்சாவது பொறந்தநாள். உங்க கேன்சர் பசங்களோட கொண்டாடலாம்னு இருக்கோம். கேக், பலூன், ஆளுக்கொரு கரடி பொம்மை. வீட்டுல எல்லாருமா ஒரு இருபது பேர் வர்றோம். எத்தனை மணிக்கு வரலாம்?"

"வராதீங்கப்பா"ன்னு சொன்னேன். இன்னும் கொஞ்சம் பதமா சொல்லியிருக்கலாம்தான். மனுஷனுக்குக் கோபம் வந்துடுச்சு. "நல்லது பண்ண வர்றவனையும் துரத்தினா உங்க டிரஸ்ட் எப்படி உருப்படும்?"னு கேட்டுட்டு வச்சுட்டார்.

கேள்வியில நியாயம் இருக்கு. போன்ல பதில் சொல்ல முடியலை. அதனாலதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க மக்களே.

நாங்க ஒண்ணும் பெரிய நிறுவனம் இல்லை. ஏழெட்டுப் பேர், எல்லாரும் வேற வேற வேலையில இருக்கறவங்க. சென்னைக்குப் புற்றுநோய் சிகிச்சைக்கு வர்ற வெளியூர்க் குழந்தைகளோட குடும்பம் தங்கறதுக்கு நாலு வாடகை ரூம், ஒரு பொதுச் சமையல்கட்டு, கொஞ்சம் வண்டிச் செலவு. அவ்வளவுதான் எங்க மொத்த 'சேவை'யும்.

கேக் ஏன் வேண்டாம்னு முதல்ல சொல்லிடறேன். கீமோ ஏத்தினா ரத்தத்துல வெள்ளை அணுக்கள் குறைஞ்சு போகும். நம்ம வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல்னா ஒரு பாராசிட்டமால் கொடுத்துட்டு நாளைக்குப் பார்க்கலாம்னு இருப்போம். இந்தக் குழந்தைகளுக்கு அணுக்கள் இறங்கியிருக்கற நேரத்துல காய்ச்சல் வந்தா, அது உயிர் போற அவசரம். ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடணும். இருபது பேர் வந்தா அதுல ஒருத்தருக்காவது ஜலதோஷம் இருக்கும். பொசுபொசுன்னு இருக்கற பொம்மையில தூசி சேரும், துவைக்கறது கஷ்டம். க்ரீம் கேக் எங்கே, எப்போ செஞ்சதுன்னு தெரியாது. சுடச்சுட சமைச்ச சாப்பாடு, தோலுரிச்சுச் சாப்பிடற பழம், இதுதான் அவங்களுக்கு ஒத்துக்கும்.

ஆனா அதைவிட முக்கியமான காரணம் ஒண்ணு இருக்கு. ஆரம்ப காலத்துல நாங்களும் பொறந்தநாள் கோஷ்டிகளை விட்டுக்கிட்டுத்தான் இருந்தோம். ஒரு சனிக்கிழமை, ஆறு வயசுப் பையன் ஒருத்தன் என் சட்டையைப் பிடிச்சு இழுத்துக் கேட்டான்: "மாமா, இன்னிக்கும் போட்டோ எடுப்பாங்களா? தொப்பி போட்டுக்கட்டுமா?"

முடி கொட்டின தலை. அவனுக்கு அதைப் பத்தி வெட்கம் இருக்குன்னு அன்னிக்கு வரைக்கும் எங்க யாருக்கும் தோணலை. கேக் வெட்ட வர்றவங்களுக்கு அது ஒரு நாள். அவனுக்கு அது வாராவாரம்.

சரி, என்னதான் வேணும்?

குழந்தைகளுக்கு வர்ற புற்றுநோய்ல அதிகமா வர்றது ஒரு வகை ரத்தப் புற்றுநோய். அக்யூட் லிம்ஃபோபிளாஸ்டிக் லுக்கீமியான்னு பேரு. பேரைக் கேட்டா பயமா இருக்கும், ஆனா முழுசா வைத்தியம் பண்ணினா பெரும்பாலான குழந்தைகள் பிழைச்சுக்கிற நோய் அது. பிரச்சினை அந்த 'முழுசா'ங்கற வார்த்தையிலதான். ரெண்டு வருஷத்துலேர்ந்து மூணு வருஷம் வரைக்கும் போகும். முதல் சில மாசம் ஊசி, அட்மிஷன், ரத்தம் ஏத்தறதுன்னு உயிரை எடுக்கும். அப்புறம் வீட்டுல மாத்திரை, நடுநடுவே வந்து பரிசோதனை.

தமிழ்நாட்டுல மருந்துச் செலவுக்கு அரசுக் காப்பீடு இருக்கு. 2009ல கலைஞர் காப்பீட்டுத் திட்டமா வந்து, 2012ல முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமா மாறினது. இப்போ தகுதியுள்ள குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்ச ரூபாய் வரைக்கும். எந்தக் கட்சிக்காரங்களா இருந்தாலும் ஒத்துக்கணும், அது இல்லைன்னா பல குழந்தைகள் இன்னிக்கு இல்லை.

ஆனா காப்பீடு ஆஸ்பத்திரி பில்லைத்தான் கட்டும். கிருஷ்ணகிரிப் பக்கத்துலேர்ந்து வர்ற கட்டட வேலைக்காரர், வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலியை எந்தக் காப்பீடும் தராது. சென்னையில தங்கற வாடகை, மூணு வேளைச் சாப்பாடு, ராத்திரி ஆட்டோ, ஊர்ல பாட்டிகிட்ட விட்டுட்டு வந்த பெரிய பொண்ணோட பள்ளிக்கூடச் செலவு, ஒண்ணும் பில்லுல வராது. முதல்ல ஆடு விக்கும், அப்புறம் தோடு அடகுக்குப் போகும், அப்புறம் வட்டிக்கு வாங்கறது. ஆறாவது மாசம் ஒருநாள் "ஊருக்குப் போயிட்டு வந்துடறோம் சார்"னு கிளம்புவாங்க.

உலகம் பூரா வருஷத்துக்குச் சுமார் 4 லட்சம் குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் புற்றுநோய் வருதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. பணக்கார நாடுகள்ல 80 சதவீதத்துக்கு மேல பிழைக்கறாங்க. ஏழை நாடுகள் பலதுல 30 சதவீதத்துக்கும் கீழ. 2030க்குள்ள இதை உலகம் முழுக்க குறைஞ்சது 60 சதவீதமாக்கணும்னு 2018ல ஒரு திட்டமே ஆரம்பிச்சாங்க. இந்த வித்தியாசத்துக்குக் காரணம் தாமதமா கண்டுபிடிக்கறது, தப்பா கண்டுபிடிக்கறது, மருந்து கிடைக்காம போறதுன்னு பல இருக்கு. அதுல ஒண்ணு, வைத்தியத்தைப் பாதியில விடறது. தொடர்ந்து 4 வாரமோ அதுக்கு மேலயோ வரலைன்னா வைத்தியத்தைக் கைவிட்டதா மருத்துவ உலகத்துல கணக்கு வைக்கறாங்க.

இந்த 4 வாரக் கணக்கு எங்களுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு சொல்றேன். சொல்லாம விட்டா இந்தப் பதிவுக்கே அர்த்தமில்லை.

ஏழு வயசுப் பொண்ணு. கஷ்டமான கட்டமெல்லாம் தாண்டி மாத்திரைக் கட்டத்துக்கு வந்துட்டா. முடி வளர்ந்து ரெட்டை ஜடை போட ஆரம்பிச்சாச்சு. பொங்கலுக்கு ஊருக்குப் போனாங்க. அறுவடை நேரம். பொண்ணு ஓடியாடி விளையாடுது, நல்லாயிடுச்சுன்னு அப்பா நினைச்சுட்டார். இங்கே நாங்க நிதி திரட்ட ஒரு மெல்லிசை நிகழ்ச்சி ஏற்பாடு பண்ணிக்கிட்டு இருந்தோம். ஹால் புக்கிங், பேனர், யாரை மேடையில உட்கார வைக்கறதுன்னு தினம் கூட்டம். அந்தப் பொண்ணு வரலைங்கறதை ஒவ்வொருத்தரும் கவனிச்சோம். போன் பண்ணறதை இன்னொருத்தர் பண்ணியிருப்பார்னு ஒவ்வொருத்தரும் நினைச்சோம். நாலு மாசம் கழிச்சு அவங்களே வந்தாங்க. நோய் திரும்பி வந்திருந்தது. அதுக்கப்புறம் நடந்ததை எழுத மனசு வரலை.

போன் பண்ணியிருந்தா பிழைச்சிருப்பாளான்னு எனக்குத் தெரியாது. பண்ணலைங்கறது மட்டும் தெரியும்.

அதுக்கப்புறம் வாங்கினதுதான் அந்த நீள நோட்டு. குழந்தை பேர், அடுத்து வரவேண்டிய தேதி, அப்பா நம்பர், பக்கத்து வீட்டு நம்பர், தெருமுனை மளிகைக்கடை நம்பர். ரெண்டு நாள் முன்னாடி ஒரு போன். வரலைன்னா அன்னிக்குச் சாயந்திரமே இன்னொரு போன். "ஆடு குட்டி போட்டிருக்கு", "பெரியவளுக்குப் பரீட்சை", "நாள் நல்லாயில்லை"ன்னு மூணு காரணம் சொல்லிட்டு நாலாவதாத்தான் "கையில காசில்லைண்ணே"ன்னு வரும். அந்த நாலாவது காரணம் வர்ற வரைக்கும் போனை வைக்கக்கூடாது. இதான் நாங்க கத்துக்கிட்டது.

பாதி நேரம் காசு கூட வேண்டாம், தகவல் போதும். வைத்தியத்துக்குப் போற புற்றுநோயாளிக்கு ரயில்ல ஸ்லீப்பர், மூணடுக்கு ஏசி வகுப்புகள்ல டிக்கெட் கட்டணம் முழுச் சலுகை, துணைக்கு வர்ற ஒருத்தருக்கு 75 சதவீதச் சலுகை. ஆஸ்பத்திரியில அதுக்கான சான்றிதழ் வாங்கணும். இது தெரியாமலே எத்தனையோ பேர் முழு டிக்கெட் எடுத்து வந்திருக்காங்க.

அடுத்தது போட்டோ. இதுல நானே குற்றவாளி. பல வருஷத்துக்கு முன்னாடி ஒரு பையனோட போட்டோ, பேர், ஊர் எல்லாம் போட்டு உதவி கேட்டேன். கேட்டதுக்கு மேலயே பணம் வந்தது. அதே வார்டுல பக்கத்துக் கட்டில் பையன் போட்டோன்னாலே முகத்தைத் திருப்பிக்குவான், அவனுக்கு ஒண்ணும் வரலை. அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும்.

போட்டோ போட்ட பையன் பிழைச்சான், படிச்சான், வேலைக்கும் போயிட்டான். கொஞ்ச நாள் முன்னாடி போன் பண்ணினான். "அண்ணா, அந்தப் போட்டோவை எடுத்துட முடியுமா? பொண்ணு பார்க்கப் போன இடத்துல என் பேரைத் தேடிப் பார்த்திருக்காங்க." என் பக்கத்துலேர்ந்து எடுத்துட்டேன். ஆனா 'அவசர உதவி'ன்னு அது இன்னமும் வாட்சப்ல சுத்திக்கிட்டு இருக்கு, என் பழைய நம்பரோட.

அப்பா அம்மா சம்மதிச்சாங்களேன்னு கேட்கலாம். கையில பில்லை வச்சுக்கிட்டு ராத்திரி பதினொரு மணிக்கு நிக்கற அப்பா எதுல வேணும்னாலும் கையெழுத்துப் போடுவார். அதுக்குப் பேர் சம்மதம் இல்லை. இப்போ எங்க விதி: முகம் கிடையாது, பேர் கிடையாது, ஊர் கிடையாது. பணம் வர்றது குறைஞ்சுது, உண்மைதான். குறையட்டும்.

இன்னொரு விஷயம். "நீங்க கொடுக்கற பணம் நூறு சதவீதம் குழந்தைகளுக்கே"ன்னு யாராவது பெருமையா சொன்னா எனக்கு இப்போ சந்தேகம்தான் வருது. தன்னார்வலர்கள் ஞாயித்துக்கிழமை வருவாங்க. காய்ச்சல் செவ்வாய்க்கிழமை ராத்திரி வரும். எங்க ரூம்களைப் பார்த்துக்கறவங்க ஒரு அம்மா, அவங்க பையனும் இந்த வைத்தியத்தைத் தாண்டி வந்தவன்தான். புதுசா வர்ற தாய்க்கு டாக்டர் ஒரு மணி நேரம் சொன்னாலும் புரியாதது, இந்த அம்மா வெங்காயம் நறுக்கிக்கிட்டே சொன்னா புரியும். நோட்டும் அவங்க கையிலதான். அவங்களுக்குச் சம்பளம் கொடுக்கறோம். அது 'நிர்வாகச் செலவு'ன்னா, எங்க டிரஸ்ட்ல உருப்படியான செலவே அதுதான்.

பெரிய அமைப்புகள் இருக்கும்போது சின்னது எதுக்குன்னும் கேட்கறாங்க. செயின்ட் ஜூட் மாதிரி அமைப்பு 2006ல மும்பையில ஆரம்பிச்சு, இன்னிக்குச் சென்னை உட்படப் பல ஊர்ல குடும்பத்தோட இலவசமா தங்க வைக்கறாங்க. நாங்க அவங்களைப் பார்த்துக் கத்துக்கிட்டவங்கதான். ஆனா இடம் எப்பவும் பத்தாது. அடையாறு புற்றுநோய் மருத்துவமனையே 1954ல 12 படுக்கையோட ஆரம்பிச்சது. தங்கச்சியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி ஊரெல்லாம் கேட்டுக் கேட்டுக் கட்டினது. சின்னதுங்கறதுல வெட்கப்பட ஒண்ணுமில்லை. ஒழுங்கா கணக்கு வைக்காததுதான் வெட்கம்.

கடைசியா ஒண்ணு. ஒரு கூட்டத்துல எங்க ஆளுங்கள்ல ஒருத்தரே கேட்டார்: "இறந்துபோன குழந்தையோட குடும்பத்துக்கு எதுக்குச் செலவு பண்ணணும்? அந்தக் காசுல இன்னொரு குழந்தையைப் பார்க்கலாமே?" கணக்குப்படி சரி. ஆனா ரெண்டு வருஷம் தினமும் போன் பண்ணின நாம, குழந்தை போனதும் நிறுத்திட்டா, அந்த அம்மாவுக்கு என்ன புரியும்? நாம பார்த்தது கேஸைத்தான், அவங்களை இல்லைன்னுதானே? ஊருக்குப் போற வண்டிச் செலவும், முப்பதாம் நாள் ஒரு போனும் எங்க விதியில இன்னிக்கும் இருக்கு. ஓட்டெடுப்புல ஒரே ஓட்டு வித்தியாசத்துல ஜெயிச்சுது.

சரி, உங்களால என்ன பண்ண முடியும்? உங்க ஊர்ல இப்படி ஒரு ரூம் நடத்தறவங்க கட்டாயம் இருப்பாங்க. மாசாமாசம் சின்னத் தொகை கொடுங்க, ஒரே தடவை பெருசா கொடுக்கறதைவிட அதுதான் வாடகை கட்ட உதவும். 2000 ரூபாய்க்கு மேல ரொக்கமா கொடுத்தா 80ஜி வரிச்சலுகை கிடைக்காது, பேங்க் மூலமாவே கொடுங்க. வெளிநாட்டு நண்பர்களே, இந்தியப் பாஸ்போர்ட்காரங்க தன் சொந்தச் சம்பாத்தியத்துலேர்ந்து வங்கி வழியா அனுப்பலாம். வேற நாட்டுக் குடியுரிமை வாங்கியிருந்தா அது வெளிநாட்டு நன்கொடை, அதுக்குப் பதிவு வாங்கின அமைப்புக்குத்தான் அனுப்பணும். பணம் இல்லைன்னா ரத்தத் தட்டணு கொடுங்க. எடுத்து வச்சா 5 நாள்தான் தாங்கும், அதனால வாரம் தவறாம ஆள் வேணும். அதுவும் முடியலையா, வாரத்துல ரெண்டு மணி நேரம் போன் பண்ணித் தாங்க. நோட்டு நான் தர்றேன் :-)

அந்த நண்பர் இன்னும் பேசலை. அவர் பொண்ணோட பொறந்தநாளும் முடிஞ்சுபோச்சு. அவர் கெட்டவர் இல்லை, பொண்ணுக்கு நல்லது சொல்லிக் கொடுக்கணும்னுதான் கேட்டார். இந்தப் பதிவைப் படிக்கச் சொல்லி அவருக்கு அனுப்பப் போறேன். மூணாம் நம்பர் ரூம் வாடகை அஞ்சாம் தேதி கட்டணும்னும் அதுலயே எழுதப் போறேன்.

டிஸ்கி: டிரஸ்ட் பேரை வேணும்னேதான் போடலை. இது வசூல் பதிவு இல்லை. திட்டறதா இருந்தாலும் பின்னூட்டத்துல திட்டுங்க, பதில் சொல்றேன்.