தூது எங்கே தங்கிற்று?

குன்னூரில் குறுஞ்செய்தி ஒன்று வாராதொழியின், மலையையும் மழையையும் பழிப்பது நம்மனோர் வழக்கம். மலை முற்றும் குற்றமற்றதென்று யாம் வாதாடவில்லை. ஆயினும், ஐபோனை விடுத்து ஆண்ட்ராய்டுக்குத் தம் எண்ணை மாற்றியவர் ஐமெசேஜை முன்னரே அணைக்க மறந்தாரேல், பிற ஐபோன்கள் அவ்வெண்ணை இன்னும் தம்மினத்ததென்றே கருதி, இணையவழியே ஓலை விடுத்துக்கொண்டிருக்கும். “பாதையில் மண் சரிந்தது, பேருந்து ஏறற்க” எனத் தேயிலைத் தோட்டத்துத் தமையன் விடுத்த செய்தி விடுதித் தம்பியை எட்டாதெனின், அது சிறு குறையோ?

ஐமெசேஜ் 2011-இல் தோன்றியது. எண்ணை அதனின்று நீக்கும் வழியை ஆப்பிள் தன் வலைத்தளத்தில் வைத்ததோ 2014-இல். இருவகைப் பேசிக்கும் பொதுவான ஆர்சிஎஸ் முறையை அது ஏற்றது 2024-இலேயே; அதற்கும் தொலைபேசிக் கம்பெனியின் இசைவு வேண்டும். இத்தாமதம் வணிகப் பிடிவாதமே என்பது எம் துணிபு.

நிற்க. பழைய பேசி உடைந்துபோயினும் கவலையில்லை; அத்தளத்தில் எண்ணைத் தந்து, புதிய பேசிக்கு வரும் இலக்கத்தை இட்டால் போதும். விடுமுறைக்கு மலையேறுமுன் தோழர்கள் இதனைச் செய்துவிடுக.