பழக்கிய வாத்தும் ஓர் அமானிதமே



பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்று வாத்துக்குஞ்சு வாங்கித் தரும் பெற்றோர் நம்மிடையே உண்டு. அக்குஞ்சு வளர்ந்து, சத்தமிட்டு, முற்றத்தைச் சேறாக்கத் தொடங்கியதும், ‘தண்ணீரில் விட்டுவிடுவோம், பிழைத்துக்கொள்ளும்’ என்கின்றனர். இதனை இரக்கம் என்று நாம் ஏற்பதற்கில்லை.

பறவை வளர்ப்பதை மார்க்கம் தடுக்கவில்லை. அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூ உமைர் ஒரு சிறு குருவியுடன் விளையாடியதையும், நபி (ஸல்) அவர்கள் அச்சிறுவரிடம் அதைப் பற்றி அன்போடு விசாரித்ததையும் புகாரியில் காண்கிறோம். பூனையை அடைத்துவைத்து, உணவும் தராமல், இரை தேடவும் விடாமல் சாகடித்த பெண் அடைந்த தண்டனையும் அதே நூலில் உள்ளது. அனுமதியும் பொறுப்பும் சேர்ந்தே வருகின்றன.

வாத்து விஷயத்தில் இப்பொறுப்பு இன்னும் கனமானது. முட்டையிலிருந்து வெளிவந்த ஓரிரு நாட்களுக்குள் தன் முன்னே நடமாடும் உயிரைத் தாயாக மனத்தில் பதித்துக்கொள்வது வாத்துக்குஞ்சின் இயல்பு. பறவைகளிடம் இதனை விரிவாக ஆராய்ந்த கொன்ராட் லோரன்ஸ், 1973-ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றோரில் ஒருவர். நம் கையில் தீனி தின்று பழகிய வாத்து, மனிதரையும் நாயையும் அஞ்சி விலகக் கற்பதில்லை. அதன் அச்சத்தை நீக்கியவர்கள் நாமே. அதைக் காப்பதும் நம் கடமையே.

திருப்பூர் மாவட்டத்தில், ஆனைமலை அடிவாரத்து அமராவதி நகரை எண்ணிப் பாருங்கள். அருகிலுள்ள அமராவதி அணை நீரில் முதலைகள் வாழ்கின்றன. அங்கு முதலைப் பண்ணையே இருக்கிறது. சரிவரப் பறக்கவும் இயலாத வீட்டு வாத்தை அந்நீரில் விடுவது விடுதலை ஆகுமா? திருப்பூரை ஒட்டிய நஞ்சராயன் குளமோ 2024-ல் ராம்சர் தலமாக அறிவிக்கப்பட்ட பறவைகள் சரணாலயம். வீட்டு வாத்தின் நோய் அங்குள்ள காட்டுப் பறவைகளுக்கும் பரவக்கூடும்.

ஆகவே வாங்கும் முன்பே யோசிக்க வேண்டும். வாத்து கூட்டமாக வாழும் பறவை. தனியாக ஒன்றை வளர்த்தல் கொடுமை. குடும்பத்தார் அனைவரும் பனியன் கம்பெனிக்குச் சென்றுவிடும் வீட்டில் பகல் முழுவதும் அதைக் கவனிப்பவர் யார்? தலையை முழுவதும் அமிழ்த்தி மூக்கைக் கழுவும் அளவு ஆழமான நீர் நாள்தோறும் வேண்டும். தாயின்றி வளரும் குஞ்சின் தூவி எளிதில் நனைந்து குளிரும். முதல் வாரங்களில் கதகதப்பு அவசியம். பூஞ்சை பிடித்த மக்காச்சோளமும் கடலைப் பிண்ணாக்கும் வாத்துக்கு நஞ்சு. இரவில் நாயும் கீரியும் நுழையாத கூண்டு தேவை.

வாத்து ஹலாலான உணவு. முறைப்படி அறுத்து உண்பதில் குற்றமில்லை. ஆனால் அதுவே நோக்கமென்றால் முதல் நாளே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். பெயர் வைத்துக் கொஞ்சிய வாத்தை ஒருநாள் சொல்லாமல் அறுப்பது, பெற்றோர் மீது பிள்ளை வைத்த நம்பிக்கையையும் சேர்த்தே அறுத்துவிடும்.

இவற்றுக்கு இயலாதோர் வாங்காமலிருப்பதே நன்று. இயன்றோர் இரண்டு குஞ்சுகளாக வாங்கட்டும். தீனியும் நீரும் வைக்கும் பணியைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்து, தவறாது மேற்பார்க்கட்டும். உயிருள்ள ஒவ்வொன்றுக்கும் செய்யும் உதவியில் நற்கூலி உண்டு என்ற நபிமொழியை அப்பிள்ளைகள் செயலிலேயே கற்பார்கள், இன்ஷா அல்லாஹ்.