எரிந்த வீடும் எரியாத கோப்பும்

2023 ஜூலை 20 நள்ளிரவில், ஹவுரா மைதானத்திற்கு அருகே மங்களா ஹாட் துணிச்சந்தை பற்றி எரிந்தது. நூற்றுக்கணக்கான கடைகள் சாம்பலாயின. மாநில அரசு சிஐடி விசாரணைக்கு உத்தரவிட்டது. விசாரணை தேவையே. ஆனால் வயிற்றுப்பாடு விசாரணை முடியும்வரை காத்திராது.

வீடு எரிந்த தொழிலாளியின் நிலையும் இதுவே. காப்பீடு செய்திருந்தாலும் தீயணைப்புத் துறைச் சான்று, காவல் நிலைய அறிக்கை, பொருள்களின் ரசீது என்று ஒவ்வொன்றாகக் கேட்கப்படுகிறது. ரசீதும் அந்த வீட்டில்தான் இருந்தது என்பதை யார் கேட்பார்?

சட்டத்தில் காலக்கெடு இல்லாமல் இல்லை. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024 ஜூன் சுற்றறிக்கைப்படி, இழப்பைத் தெரிவித்த 24 மணி நேரத்திற்குள் சர்வேயர் நியமிக்கப்பட வேண்டும். 15 நாள்களில் அவரது அறிக்கை பெறப்பட வேண்டும். அதிலிருந்து 7 நாள்களில் நிறுவனம் முடிவெடுக்க வேண்டும். தாமதித்தால் வங்கி விகிதத்திற்கு மேல் 2 சதவீத வட்டி தர வேண்டும். விதி ஏட்டில் இருக்கிறது; அதைக் கேட்டு வாங்கும் வலிமை பாதிக்கப்பட்டவரிடம் இல்லை.

1973இல் 107 தனியார் நிறுவனங்கள் நாட்டுடைமையாகி, நான்கு பொதுத்துறை நிறுவனங்களாயின. அவற்றுள் ஒன்றின் தலைமையகம் கொல்கத்தாவில், மற்றொன்றினது சென்னையில். மக்களின் இடர்க்காலத்திற்கென எழுந்த அந்த அமைப்பில், அரசின் பங்கு 51 சதவீதத்திற்குக் குறையக் கூடாது என்ற காப்பை 2021 திருத்தச் சட்டம் அகற்றியது. அதே ஆண்டு அந்நிய மூலதன வரம்பு 74 சதவீதமாக உயர்ந்தது. இலாபமே அளவுகோலானால், தாமதமும் ஒரு வருவாயாகிவிடும்.

தாமத வட்டி தானாகவே வழங்கப்பட வேண்டும். நிலுவைக் கோரிக்கைகளின் பட்டியலை நிறுவனங்கள் வெளியிட வேண்டும். பொதுத்துறைக் காப்பீட்டுக் கிளைகளில் காலிப் பணியிடங்கள் நிரப்பப்பட வேண்டும். 2021 திருத்தம் திரும்பப் பெறப்பட வேண்டும்.

கோரிக்கை எழுப்புவதோடு நம் கடமை முடிவதில்லை. தீ விபத்து நடந்த தெருவுக்குக் கிளைத் தோழர்கள் உடனே செல்ல வேண்டும். சேதத்தைப் படமெடுக்கவும், எழுத்து மூலம் தகவல் தந்து ஒப்புகை பெறவும் துணைநிற்க வேண்டும். முழுத் தீர்வாக ஏற்பதாகக் கூறும் சீட்டில் அவசரப்பட்டுக் கையொப்பமிடாமல் காக்க வேண்டும். நிறுவனம் ஒரு மாதத்தில் பதில் தராவிட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். கட்டணமில்லை, வழக்கறிஞர் தேவையில்லை, 50 லட்சம் ரூபாய்வரை தீர்ப்பளிக்க அவருக்கு அதிகாரமுண்டு.

தனியொருவர் விண்ணப்பித்தால் கோப்பு உறங்கும். தெருவே திரண்டு கேட்டால் அது விழித்தே தீரும்.